துவிச்சக்கரவண்டியும் எமது கரையோரமும்

சரித்திரம் என்றதும் அரசர்களையும் போர்களையும் நினைப்பதே எம்மிற் பலரின் வழக்கம். ஆண்டுக் கணக்கை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் அதனை மறந்துவிடுவதும் வழக்கமே. ஆயின் ஒரு சமுதாயம் எவ்வாறு உழைத்தது, எவ்வாறு சந்தைக்குப் போயிற்று, அயலூரவரோடு எவ்வாறு கூடி வாழ்ந்தது என்பனவும் சரித்திரத்தின் பாற்பட்டனவே. அத்தகைய சரித்திரத்துக்குச் சாட்சியாக எமது வீட்டுத் தாழ்வாரங்களிலே சில பொருள்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பழைய துவிச்சக்கரவண்டி.

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மன்றத்தார் எம்மைக் கேட்ட அதே கிழமையில், எமது வீட்டிலே நின்ற பழைய ஹம்பர் வண்டிக்கு வெளியூரார் ஒருவர் விலை பேசி வந்தார். முழு வண்டியும் அவருக்குத் தேவைப்படவில்லை. முன் போர்க்கு, பெரிய பற்சில்லு, தோல் ஆசனம், பின்சில்லின் ஹப் ஆகிய நான்கும் போதும்; எஞ்சியதை இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்ன விலையும் குறைந்த விலையன்று. கொடுப்பதா, விடுவதா என்று அன்று வீட்டிலே எழுந்த கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

துவிச்சக்கரவண்டியின் பிறப்பிடம் ஜேர்மனி. 1817 ஆம் ஆண்டு கார்ல் வொன் டிரைஸ் என்பவர் மன்ஹைம் நகரிலே இரண்டு சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாக மரச்சட்டத்திற் பூட்டி, காலால் நிலத்தை உதைத்து ஓட்டிக் காட்டினார். 1860 களிலே பிரான்சில் முன்சில்லுக்குப் பெடல் வந்தது. பின்னர் வேகத்தை நாடி அம்முன்சில்லை ஆளின் நெஞ்சளவுக்குப் பெருப்பித்தனர். விழுந்தவர்கள் தலைகீழாகவே விழுந்தனர். 1885 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர், சில்லுகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவினவாக்கி, சங்கிலியாற் பின்சில்லைச் சுழற்றும் 'றோவர்' வண்டியைச் செய்தார். 1888 ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த டயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அந்த டயருக்கு வேண்டிய இறப்பர் மரமோ 1876 ஆம் ஆண்டிலேயே எமது தீவுக்கு வந்து, ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நாட்டப்பட்டிருந்தது. சுவாமி விபுலாநந்தர் காரைதீவிலே பிறந்தது 1892 ஆம் ஆண்டில். அப்பொழுது காற்றடைத்த டயருக்கு வயது நான்கு. நாம் இன்று ஏறும் வண்டியின் உருவம் அத்துணை பழையதும் ஆகும், அத்துணை அண்மையதும் ஆகும்.

எமது மூத்தோர் வாயில் இன்றும் வழங்கும் பெயர்கள் றலி, ஹம்பர், றட்ஜ், பி.எஸ்.ஏ., ஹேர்குலிஸ், பிலிப்ஸ் என்பன. நொட்டிங்ஹாம் நகரில் றலி என்னும் தெருவிலிருந்த ஒரு சிறிய தொழிற்சாலையைப் பிராங் பௌடன் என்பவர் பொறுப்பேற்று, 1888 ஆம் ஆண்டு றலிக் கம்பெனியை நிறுவினார். தெருவின் பெயரே வண்டிக்கும் பெயராயிற்று. அக்கம்பெனி 1932 ஆம் ஆண்டு ஹம்பர் சைக்கிளையும், 1943 ஆம் ஆண்டு றட்ஜையும், 1957 ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. சைக்கிளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பேர்மிங்ஹாமிலே கிறேன் சகோதரர்கள் 1910 ஆம் ஆண்டு தொடங்கிய ஹேர்குலிஸும் பிலிப்ஸும் 1960 ஆம் ஆண்டில் அதே குடும்பத்துள் வந்து சேர்ந்தன. ஆகவே எம்மூர்ச் சந்தியில் நின்று, "றலி திறமா, ஹம்பர் திறமா?" என்று பெரியவர்கள் வாதாடிய காலத்தில், அவ்விரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்தன.

எழுத்து அழிந்த வண்டியையும் அடையாளங் காண வழியுண்டு. பற்சில்லின் நடுவிலே நாரையின் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் அது றலி. ஐந்து மனித உருவங்கள் நின்றால் அது ஹம்பர். விரித்த கை இருந்தால் அது றட்ஜ். மூன்று துவக்குகளைச் சாய்த்து அடுக்கிய முத்திரை பி.எஸ்.ஏ.க்கு உரியது, அக்கம்பெனி 1861 ஆம் ஆண்டு துவக்குச் செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது. உயர்தர ஹம்பரின் முன் போர்க்கோ பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய்களாக அமைந்தது. விலை பேச வந்தவர் அதனை முதலிற் கேட்டதன் காரணம் இதுவே.

இவ்வண்டிகள் எமது கரையோரத்துக்கு ஏற்றனவாய் அமைந்தமைக்குக் காரணங்கள் உண்டு. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாலையிற் கோத்த மணிகள்போல் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. நிலம் மேடு பள்ளமற்றது. 1928 ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்த புகையிரதம் அதற்குத் தெற்கே எமது கரைக்கு வரவேயில்லை. வயலோ மேற்கே மைல்கணக்கான தூரத்தில். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டு, நீர் பாயும் நிலம் பெருகிய பின்னர் அத்தூரம் மேலும் கூடிற்று. போடியாரிடம் மாட்டுவண்டில் இருந்தது. முல்லைக்காரனுக்குக் கால்தான் இருந்தது. அக்காலுக்குச் சில்லுப் பூட்டியது சைக்கிளே.

மண்வெட்டியைப் பாரிலே கட்டிக்கொண்டு விடியுமுன் வயலுக்குப் போனவர், மருதமுனைத் தறியில் நெய்த சாரங்களைக் கரியரில் அடுக்கிக்கொண்டு ஊரூராகச் சென்ற வியாபாரி, சாய்ந்தமருதுக் கரையில் மீன் வாங்கிப் பெட்டியோடு பறந்தவர், பாண் பெட்டிக்காரர், தபாற்காரர், மிசன் பாடசாலை ஆசிரியர் ஆகிய அனைவரையும் தாங்கியது இவ்வண்டியே. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்புக்கும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் பிள்ளையைப் பாரிலும் மனைவியைக் கரியரிலும் ஏற்றிக்கொண்டு சென்றவர்கள் அதே தெருவிற்றான் சென்றார்கள்.

அக்காலத்தில் சைக்கிள் ஓடுவது இன்றுபோல் இலேசான காரியமன்று. பட்டின சபையும் கிராம சபையும் ஆண்டுவரி வாங்கி இலக்கத் தகடு கொடுத்தன. இரவில் விளக்கின்றி ஓடினாலும், ஒருவர் ஓடும் வண்டியில் இருவர் ஏறினாலும் பொலிசார் மறித்தனர். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழுங்கூட வியாபாரத்துக்குப் பயன்படும் சைக்கிளுக்கு 18 ரூபாவும், ஏனைய சைக்கிளுக்கு 4 ரூபாவும் வரியென்று வர்த்தமானியில் அறிவித்தல்கள் வந்தன. அதே பட்டியலில் குதிரைக்கு 15 ரூபாவும் யானைக்கு 50 ரூபாவும் விதிக்கப்பட்டிருந்தன. வியாபாரச் சைக்கிளுக்குக் குதிரையிலும் கூடிய வரி விதித்த சட்டம், அவ்வண்டி எத்துணைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை அறிந்தே விதித்தது போலும்!

இங்கிலாந்தில் ஒரு வண்டி இருபது ஆண்டு ஓடியபின் ஓய்வு பெற்றது. எம்மூரிலோ அறுபது எழுபது ஆண்டுகள் ஓடியவை உண்டு. இதற்குக் காரணம் இரும்பின் உறுதி மட்டுமன்று. சைக்கிள் கடைக்காரரின் கையே முதற் காரணம். கல்முனையையும் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களையும் சேர்ந்த தொழிலாளர் பலர் இக்கலையிலே தேர்ந்திருந்தனர். றலி இனத்து வண்டியின் பெடல் அச்சுப் பெட்டிக்கு ஓர் அங்குலத்துக்கு 26 மரை. மற்றக் கம்பெனிகளின் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 24 மரை. ஒன்றின் கிண்ணத்தை மற்றதில் முறுக்கினால் முதலிரண்டு சுற்றுப் போகும். பின்பு மரையை அறுத்துவிடும். புத்தகம் படியாத ஒரு முதியவர் விரல்நுனியால் தடவியே, "தம்பி, இது றலி மரை, இதுக்கு அது போகா" என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 கம்பி, ஆக 72 கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, ஓசையாலே தளர்ச்சியை அறிந்து, நெளிந்த சில்லை நேராக்குபவரும் அவரே.

1970 ஆம் ஆண்டுக்கும் 1977 ஆம் ஆண்டுக்கும் இடையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது புதிய உறுப்புக் கிடைப்பது அரிதாயிற்று. தேய்ந்ததைத் திருப்பிப் போட்டும், உடைந்ததை ஒட்டியும், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்கு மாற்றியும் கடைக்காரர்கள் வண்டிகளை ஓட வைத்தனர். பின்னர் இந்திய உறுப்புகள் வந்தன. சென்னைக்கு அருகே அம்பத்தூரில் 1949 ஆம் ஆண்டும், சோனிப்பட்டில் 1951 ஆம் ஆண்டும், லுதியானாவில் 1956 ஆம் ஆண்டும் தொடங்கிய டி.ஐ., அட்லஸ், ஹீரோ ஆகிய கம்பெனிகள் ஆங்கில வண்டியின் உருவத்தையே பின்பற்றி வளர்ந்தமையால், அவற்றின் உறுப்புகள் பலவும் பழைய வண்டிக்குப் பொருந்தின. 2002 ஆம் ஆண்டோடு நொட்டிங்ஹாமில் றலி வண்டி செய்வது நின்றுவிட்டது. தாய் வீடு மூடிய பின்னும் பிள்ளைகள் கல்முனைத் தெருவில் ஓடின.

இனி எமது வீட்டு வண்டியின் கதைக்கு வருவோம். அது எமது பூட்டனார் வாங்கியது. பின்னர் ஆசிரியராயிருந்த அப்பப்பாவின் கைக்கு வந்தது. 1985 ஆம் ஆண்டிலும் 1990 ஆம் ஆண்டிலும் எமது கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழும் காலம் வந்ததை மூத்தோர் அறிவர். இரு பக்கத்திலும் உயிர்கள் போயின. 1990 ஆம் ஆண்டு அக்கலக்கம் தொடங்கியபோது, இவ்வண்டி பக்கத்து முஸ்லிம் ஊரிலே ஒரு கடையில் கழற்றிப் பூட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. தெரு மூடப்பட்டது. அரை மைலுக்கு அப்பாலிருந்த கடைக்கு மாதக்கணக்காக எவரும் போகவில்லை. வண்டி போனது போனதுதான் என்று வீட்டார் கைவிட்டனர்.

தெரு திறந்தபின் கடைக்காரரே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். சில்லுகளில் டயர் இல்லை. "மாஸ்டர், ரெண்டு டயரையும் கழட்டி மீன் ஏத்துற பொடியன் ஒருத்தனுக்குப் போட்டுக் குடுத்திட்டன். அவனுக்கு அதுதான் பொழப்பு. இந்தாங்க அதுக்குரிய காசு" என்று எண்ணி வைத்தாராம். அப்பப்பா காசை வாங்க மறுத்தார். வாங்காவிட்டால் வண்டியையும் விடமாட்டேன் என்று அவர் நின்றார். இறுதியில் பாதியை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணீர் குடித்துப் பிரிந்தார்கள். இக்கதையை அப்பப்பா சொல்லும்போதெல்லாம் கடைக்காரரின் பெயரைச் சொல்லாமல், "காக்கா" என்றே சொல்வார். அந்தச் சொல்லில் இருந்த உறவை நாம் வளர்ந்தபின்பே விளங்கிக்கொண்டோம்.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி கடல் வந்தது. அப்பேரலைக்கு இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டம். உயிர் போன இடத்தில் பொருளைப் பற்றிப் பேசுவது அழகன்று. எனினும் எஞ்சியவர் மறுபடி பிழைக்க வண்டி வேண்டியிருந்தது. 2005 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட 'வேர்ள்ட் பைசிக்கிள் ரிலீவ்' என்னும் நிறுவனம் இலங்கையில் 24,000 க்கு மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. உலகின் பல நாடுகளில் அது இன்று செய்யும் பணிக்கு எமது துயரமே தொடக்கமாயிற்று. பின்னர் 2022 ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பட்டு மோட்டார் சைக்கிள்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றபோது, கோழிக்கூட்டின் பின்னாற் கிடந்த பழைய வண்டிகளுக்கு மீண்டும் காற்றடிக்கப்பட்டது. எமது ஹம்பரும் அவ்வாண்டே வெளியே வந்தது.

பல்கலைக்கழக விடுமுறையில், காக்காவின் மகனுடைய துணையோடு அதனைச் செப்பஞ்செய்தோம். உப்புக் காற்றில் இறுகிய நட்டுகளை இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறவிட்டோம். பெடல் கையைப் பிடித்திருக்கும் கோட்டர் ஆணியைச் சுத்தியலால் நேரே அடித்தால் உள்ளிருக்கும் குண்டுகள் கிண்ணத்தைக் குழியாக்கிவிடும். கீழே ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தே அடிக்கவேண்டும் என்று அவர் காட்டித் தந்தார். அச்சுப் பெட்டிக்குப் பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகளைக் கிறீசில் ஒட்டி வைத்தோம். மேலே புது வண்ணம் அடிக்க நாம் விரும்பினோம். அவர் விடவில்லை. "பழைய பொன் கோடு இன்னும் இரிக்கு. இதுக்கு மேல பெயின்ற் அடிச்சா, உள்ளுக்கு என்ன இருந்திச்செண்டு பிறகு ஆருக்குத் தெரியும்?" என்றார். ஆகையால் துடைத்து எண்ணெய் பூசியதோடு நிறுத்தினோம். முதல் நாள் மாலை கல்முனைச் சந்திவரை உழக்கிப் போனோம். பாரமான வண்டிதான்; ஆயினும் ஒருமுறை ஓட்டம் பிடித்தபின் காலுக்கு வேலை குறைவு.

அழுக்கை அகற்றியபோது பின் ஹப்பின் மேல் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் 52 என்ற எண்ணும் தெரிந்தன. ஸ்ரேர்மி ஆச்சர் என்னும் மூன்று வேக ஹப்பில், அது செய்யப்பட்ட ஆண்டைப் பொறிப்பது வழக்கம். சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டில் வாங்கிய வண்டி என்றே எமது வீட்டில் இதுவரை சொல்லிவந்தனர். ஹப்போ 1952 என்கிறது. வீட்டார் சொன்னது பிழையா? அல்லது வண்டி 1948 இல் வந்து, பின்சில்லு மாத்திரம் பின்னர் மாற்றப்பட்டதா? சட்டத்தின் இலக்கத்தையும் பழைய வரிப் பற்றுச்சீட்டையும் பூட்டியார் சொன்ன கதையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலன்றி இதற்கு விடையில்லை. அவற்றை இன்னும் பார்த்துக்கொண்டேயிருக்கிறோம்.

விலை பேச வந்தவருக்கு என்ன மறுமொழி சொல்வது என்பது அப்போதுதான் எமக்குத் தெளிவாயிற்று. கோவிற் சுவரிலிருக்கும் கல்வெட்டைப் பெயர்த்து வேறோர் ஊருக்குக் கொண்டு சென்றால் எழுத்து அப்படியே இருக்கும். ஆனால் எந்தக் கோவிலுக்கு, யார், எதற்காகக் கொடுத்தார் என்பதற்குரிய சாட்சி போய்விடும். வண்டியும் அத்தன்மையதே. ஹப் தனியே விலைப்படும்; பற்சில்லு தனியே விலைப்படும். ஆனால் தனியே சென்ற ஹப்பு, மீன்காரப் பொடியனுக்குக் கொடுத்த டயரைப் பற்றி எவருக்கும் சொல்லாது.

இதனால் விற்பதே குற்றமென்று நாம் கூறவில்லை. பிள்ளையின் படிப்புக்கும் நோயாளியின் மருந்துக்கும் பணம் தேவைப்படும் வீட்டிலே, இரும்பைக் கட்டிப்பிடித்து இருங்கள் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. எமது மன்றத்து இளைஞர் சிலரும் பழைய வண்டி வாங்கி, செப்பஞ்செய்து, விற்று வாழ்கின்றனர். அது நேர்மையான தொழிலே. ஆயின் அதற்கும் ஒரு தர்மம் உண்டு. முழுமையாக நிற்கும் வண்டியை உறுப்புக்காக உடைக்கலாகாது. உறுப்பு வேண்டின் முன்னரே உடைந்ததிலிருந்து எடுக்கலாம். நாலு வண்டியின் உறுப்பைக் கூட்டிச் செய்ததைப் பிறந்த மேனியாக இருப்பதென்று சொல்லி விற்கலாகாது. தனித்து வாழும் பாட்டியிடம் இரும்பு விலைக்கு வாங்கும்போது, அதன் மெய்யான மதிப்பைச் சொல்லியே வாங்கவேண்டும். அன்று டயரின் காசை எண்ணி வைத்தவர் எமக்குக் காட்டிய வழி இது.

மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஒரு பதிவேடு திறப்போம். எமது ஊரிலுள்ள ஒவ்வொரு பழைய வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். அதன் பெயர், சட்ட இலக்கம், ஹப்பின் ஆண்டு, வாங்கியவர், ஓடியவர், செப்பஞ்செய்த கடை, உறுப்பு மாற்றிய விபரம் ஆகியவற்றை எழுதி, ஒரு படத்தையும் ஒட்டுவோம். அதன்பின் சொந்தக்காரர் விற்பினும் விற்கட்டும். வண்டி போனாலும் அதன் வாழ்வு ஊரிலே நிற்கும். இவ்வேலை எமது மன்றத்தால் மட்டும் முடியாது. ஓடியவர்களின் கதை எம்மிடத்தில் இருந்தால், செப்பஞ்செய்தவர்களின் கதை அயலூர் முஸ்லிம் சகோதரர்களிடத்தில் இருக்கின்றது. பாதிப் புத்தகத்தை அவர்களே எழுதவேண்டும்.

மூத்தோர்களே, நினைவிலுள்ளதைச் சொல்லுங்கள். இளைஞர்களே, அவர்கள் சொல்லும்போதே எழுதுங்கள். பதிவேட்டின் முதற் பக்கத்துக்கு எமது ஹம்பரை நாமே தருகின்றோம். ஆண்டு என்ற இடத்தில் 1948 என்றும் 1952 என்றும் இரண்டையும் எழுதி, எது சரியென்பதற்குச் சிறிது இடம் விட்டுவைப்போம்.